எதிர் வீட்டு பிஸ்கட்

இனி இந்த வீட்டில் எதிர் வீட்டுக்காரன் பேச்சே எழக்கூடாது! எழுந்தால் நான் மனிதனாக இருக்க மாட்டேன்! இப்படி ஒரு சபதம் செய்தேன். மனைவிக்குக் கேட்காத குரலில்தான்.

காரணம், ஒரு பிஸ்கட்.

எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருப்பவன் நீச்சல் பயிற்சியாளன். கதவு அகலத்துக்குத் தோள். நானோ மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். என் தோளில் சட்டையே நிற்காது.

"இதைக் கொஞ்சம் கடிச்சுப் பாருங்க," என்று நீட்டினாள் மனைவி. "எதிர் வீட்டு சார் தன் கையாலயே செஞ்சதாம். வாயில போட்டா கரையுது!"

கடித்தேன். கரைந்தது. அதுதான் தாங்கவில்லை.

"சுமார்," என்றேன்.

"ஆம்பளை ஒருத்தர் எவ்வளவு பொறுமையா மாவு பிசைஞ்சிருக்காரு பாருங்களேன்!"

"தண்ணியிலயே கெடக்கறவனுக்கு வேற என்ன வேலை?"

"உங்களுக்கு இதெல்லாம் எங்க வரப்போகுது!"

வயிறு எரிந்தது. கடையில் கண் பரிசோதிக்கும்போதும் எனக்கு அந்தத் தோள்தான் தெரிந்தது. கிட்டப்பார்வைக்காரருக்குத் தூரப்பார்வைக் கண்ணாடியை மாட்டி அனுப்பிவிட்டேன். அவர் படியைத் தேடித் தேடி இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பியதும், செல்போனில் ஒரு பிஸ்கட் செய்முறைக் குறிப்பைத் தேடிப்பிடித்துச் சமையலறைக்குள் நுழைந்தேன்.

வெண்ணெய் கல்லாக இருந்தது. தானாக இளகட்டும் என்றது குறிப்பு. பொறாமைக்காரனுக்கு ஏது பொறுமை? உருக்கி ஊற்றினேன். சோடா உப்பு ஒரு சிட்டிகையாம். சிட்டிகைக்கே அவனுக்கு அப்படி வந்ததென்றால், ஒரு கரண்டிக்கு எனக்கு எப்படி வரும்! கால் மணி நேரம் வேக வேண்டுமாம். சூட்டை இரண்டு மடங்காக்கினால் பாதி நேரம் போதாதா?

ஓவனைத் திறந்து பார்த்தேன். தட்டில் பிஸ்கட்டுகள் இல்லை. ஒரே ஒரு பிஸ்கட் இருந்தது, தட்டு முழுக்க. அடியில் கரி, நடுவில் களி, மொத்தத்தில் சோப்பு வாடை.

மானத்தைக் கழற்றி வைத்துவிட்டு எதிர் வீட்டு மணியை அடித்தேன்.

"சார், அந்த பிஸ்கட் எப்படிச் செஞ்சீங்க?"

"நானா?" அவன் விழித்தான். "எனக்கு வெந்நீர் வைக்கவே வராது சார்! அன்னிக்கு உங்க வீட்டம்மாதான் பேக்கரிலேருந்து வாங்கிட்டு வந்து எனக்கும் ரெண்டு குடுத்தாங்க."

அவள் திரும்பி வந்ததும் தட்டும் கையுமாக வாசலிலேயே மடக்கினேன்.

"ஏன் பொய் சொன்னே?"

"கல்யாணமானதுலேருந்து சமையல்கட்டுப் பக்கம் வாங்கன்னு கெஞ்சறேன். வந்தீங்களா? எதிர் வீட்டு சார்னு ஒரு வார்த்தை சொன்னேன். மூக்கு நுனியில மாவோட நிக்கறீங்க!"

மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அவள் தட்டை விரலால் தட்டிப் பார்த்தாள். 'டொக்' என்றது.

"வெண்ணெயை உருக்கினா ஓடத்தான் செய்யும். சோடாவை அள்ளிக் கொட்டினா சோப்பு வாடைதான் அடிக்கும். அடுப்புச் சூடு பத்தாதுன்னு உங்க வயித்தெரிச்சல் வேற. கருகாம என்ன செய்யும்?"

"இனிமே நீ சொல்ற எதையும் நான் நம்பறதா இல்லை!"

"நம்பாதீங்க," என்றாள் சாந்தமாக. "ஆனா ஒண்ணு. மேல் வீட்டு வக்கீல் பாத்ரூம் கழுவற அழகைப் பாக்கணுமே! தரையில மூஞ்சி தெரியுதாம்."

பொய். பச்சைப் பொய். எனக்கு நன்றாகவே தெரியும்.

"நம்ம வீட்டு பிரஷ் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.