கையெடுத்துக் கும்பிடத் தடை

பொதுமக்களின் விரல் பட்டுத் திரை தேய்வதைத் தடுக்கும் உயரிய நோக்கத்துடன், செங்கல்பட்டு வட்டாரத்து அலுவலகம் ஒன்றில் 'தொடாமல் தொடும் திட்டம்' தொடங்கப்பட்டது. மக்கள் மனுப் போடும் அந்தக் கணினிக்கோ திரையைத் தொட்டால்தான் புரியும். அதனால் ஊரப்பாக்கத்திலிருந்து வந்த ஹரிப்ரியா, கையசைவைப் பார்க்கும் சென்சார் ஒன்றைத் திரைக்குக் கீழே பொருத்தினாள். காற்றில் விரலை நீட்டினால் போதும். யாரோ தொட்டுவிட்டார்கள் என்று அவளுடைய புரோகிராம் கணினியிடம் பொய் சொல்லிவிடும்.

பூங்கொடிக்கு வருமானச் சான்று வேண்டும். சாயங்காலத்துக்குள் கருங்குழிப் பள்ளியில் கொடுத்தால்தான் மகளுக்கு இலவச சீட்டு. காற்றைக் குத்திக் குத்திப் பெயர், ஊர் எல்லாம் போட்டு முடித்தாள். அந்த நேரம் பார்த்து அதிகாரி லக்ஷ்மிநாராயணன் உள்ளே வந்தார். பழக்கம் விடுமா? கையெடுத்துக் கும்பிட்டாள். மனு சுருங்கிக் காணாமல் போனது.

"இன்னாமா இது, போட்டதெல்லாம் எங்க போச்சு?"

"ரெண்டு கையும் சேர்ந்தா மனு மூடிடும்ங்க," என்றாள் ஹரிப்ரியா. "சாரைக் கும்பிடாதீங்க."

"கும்புடாம சர்க்கார் ஆபீஸ்ல கைய எங்க வச்சிக்கிறது?"

மறுபடி போட்டாள். சார் டீ குடிக்கப் புறப்பட்டார். கும்பிட்டாள், போச்சு.

உடனே சுற்றறிக்கை வந்தது: 'இயந்திரத்தின் முன்னிலையில் கும்பிடுதல் இதனால் தடை செய்யப்படுகிறது.'

சார் திரும்பி வந்தபோது வரிசை மொத்தமும் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. அவர் முகம் வாடிவிட்டது. மத்தியானச் சோறுகூட இறங்கவில்லை.

"மரியாதையும் கெடக்கூடாது, மனுவும் மூடக்கூடாது. ஏதாவது பண்ணும்மா," என்றார் ஹரிப்ரியாவிடம்.

பண்ணினாள். இனிமேல் கும்பிட்டால் மனுவுக்கு ஒப்புதல்.

பூங்கொடி மூன்றாம் முறையாக மனுவைப் போட்டு முடித்தாள். சார் வாசலில் தலையைக் காட்டினார். வரிசையே கும்பிட்டது. கும்பிடு ஒன்றுக்கு ஒரு மனு என்று கிடப்பில் இருந்ததெல்லாம் ஒப்புதலாகி, பிரிண்டர் சான்றுகளாகக் கக்கியது.

பூங்கொடி தன்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பச்ச மை கையெழுத்தே காணோமே?"

"தேவையில்லங்க. இதுவே செல்லும்," என்றாள் ஹரிப்ரியா.

"அலைய வைக்காம குடுத்தது எப்படிமா செல்லும்?"

நியாயமான கேள்வி. வரிசை அப்படியே திரும்பி சார் மேசைக்கு முன்னால் நின்றது. அன்றைக்கு முதல்முறையாக சார் சிரித்தார். "கம்ப்யூட்டர் சான்றுல கையெழுத்து போட மேலிடத்துல அனுமதி கேக்கணும். நாளைக்கு வாங்க."

எல்லாருக்கும் உயிர் வந்தது. அப்போ அசல் சான்றுதான்.

ஆனால் பள்ளிக்கு இன்றல்லவா கடைசி? பூங்கொடி பயந்துகொண்டே போன் போட்டாள். "சார், சான்று வந்துடிச்சி. கையெழுத்துக்கு நாளைக்கு வரச் சொல்லிக்கீறாங்க."

"நாளைக்கே வாம்மா," என்றார் தலைமையாசிரியர். "வெறும் கம்ப்யூட்டர் பேப்பரத் தூக்கினு இன்னைக்கே வந்திருந்தாதான் சீட்டு போயிருக்கும்."