பனிமலர் விளையாட்டுக் கழகத்தைக் கலைக்கச் சம்மதம் கேட்டு

நாவற்குடா,
2009 செப்டெம்பர்.

மதிப்பிற்குரிய அத்தான் யோகராசா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கனடாக் குளிரிலும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பதை அறிந்து மகிழ்ச்சி. இங்கே அன்னப்பூரணியும் பிள்ளைகளும் சுகம். நான்தான் சுகமில்லை. காய்ச்சல் என்று நினைக்க வேண்டாம், கழகம்தான் காரணம்.

வெள்ளிவிழா மலருக்காகக் கழகத்தின் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். ஐஸ் தொழிற்சாலையில் போர்மனாக இருந்த காலத்தில் நீங்கள் தொடங்கிய கழகம் இது. இன்றுவரை நீங்கள்தான் தலைவர், நான் செயலாளர், கோல் காப்பவனும் நானே. வரலாற்றை எழுதுகிறேன். அதன் முடிவில் கழகத்தைக் கலைக்க உங்கள் சம்மதத்தையும் கேட்கிறேன். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை பதினொரு பேரை மைதானத்தில் இறக்காவிட்டால் எங்கள் பெயரை வெட்டிவிடுவதாக உதைபந்தாட்டச் சங்கம் அறிவித்திருக்கிறது. என்னோடு சேர்த்து மிச்சம் இருப்பது ஐந்து பேர். வெட்டுப்படுமுன் நாங்களாகவே மூடினால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும்.

முதலில், நாங்கள் ஒரு நாளும் வென்றதில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும், ஆனாலும் மலரில் வரவேண்டும். வேலைக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் முதல் நாளே நீங்கள் சொல்லிக் கொடுத்தது என்ன? "ஐஸ்கட்டி வழுக்கி வந்தா கால வைக்காதடா, விலத்து. காலு போயிரும்." ஈரத் தரையில் ஒரு ஆள் உயரக் கட்டிகள் சறுக்கி வர, விலத்தி விலத்திப் பழகின கால்கள் எங்களுடையவை. மைதானத்தில் பந்து தரையோடு உருண்டு வந்தால் பின்வரிசை முழுவதும் ஒதுங்கி வழிவிடும். கோலில் நிற்கிற நானும் ஒதுங்குவேன். பந்து வலைக்குள் போன பிறகுதான் அது ஐஸ் இல்லை என்பது நினைவுக்கு வரும். உயரத்தில் வருகிற பந்து ஒன்றையும் விடமாட்டோம், ஆனால் இது தெரிந்த பிறகு மாவட்டத்தில் ஒருவரும் எங்களுக்கு எதிராகப் பந்தை உயர்த்தினதில்லை.

தொண்ணூறில் நீங்கள் கனடாவுக்குப் போய்விட்டீர்கள். நீங்கள் தைப்பித்துத் தந்த பச்சைச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு லொறியில் ஏறிப் போனோம், சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி, இது எந்தப் படை என்று கேட்டார்கள். பந்தைக் காட்டினோம். அதையும் குத்திப் பார்த்தார்கள், உள்ளே காற்றுத்தான் இருந்தது. அதன்பிறகு ஆளுக்கொரு நிறத்தில் சட்டை போட்டு ஆடினோம். எங்கள் ஆள் யார் என்று எங்களுக்கே தெரியாமல் எதிரணியிடம் பந்தைக் கொடுத்தோம். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுக் கோல் அடித்தார்கள்.

பிறகு, 2004 மார்கழியில், கடல் ஊருக்குள் வந்தது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, கடற்கரை மைதானத்தில் பயிற்சி. நேரந்தவறாத நல்ல பிள்ளைகள் எல்லோரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள், கப்டன் தோமஸ், மதுரன், இன்னும் பல பேர். ஒருவரையும் உயிரோடு காணக் கிடைக்கவில்லை. வேலை முடியாமல் தொழிற்சாலையில் நின்ற நானும், பிந்தி எழும்பின சிலரும் மிஞ்சினோம். ஆடத் தெரிந்தவர்களைக் கடல் எடுத்துக்கொண்டு சோம்பேறிகளை என்னிடம் விட்டுவிட்டது. தோமஸின் மனைவி மார்கிறட் என்னைச் சந்தையில் கண்டால், "இந்த ஞாயிறு விளையாட்டு இரிக்கா அண்ணன்?" என்று கேட்பா. ஏன் கேட்கிறா என்று எனக்குத் தெரியாது. "ஓம்" என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் அழுவேன்.

அதன்பிறகு உதவி நிறுவனங்கள் வந்தன. வீடு வருமுன்னே பந்து வந்தது. ஒருவர் தந்ததை மற்றவர் கேட்காமல் எல்லோரும் பந்தே தந்தார்கள். வீடிழந்து நாங்கள் இருந்த கூடாரத்துக்குள் காலை நீட்டவும் இடமில்லை. அன்னப்பூரணி, "இதையெல்லாம் அவிச்சுத் தின்னவா தந்திரிக்காங்க?" என்று கேட்டாள். நான் ஒரு பந்தைத் தலைக்கு வைத்துப் படுத்தேன்.

திரும்பவும் சண்டை. சிலர் கட்டாருக்குப் போனார்கள், சிலர் காணாமல் போனார்கள். எவன் எங்கே என்று கேட்பதை விட்டுவிட்டோம். இந்த மே மாதம் எல்லாம் முடிந்தது என்றார்கள். இப்போது எந்தச் சட்டையும் போடலாம், எந்த நேரமும் ஆடலாம், ஆடத்தான் ஆளில்லை. லக்ஷனுக்கு முழங்காலில் நீர். டினேஷுக்குக் கண் மங்கல். மற்ற இரண்டு பேரும் ஒரு கலியாணப் பேச்சில் கோபித்துக்கொண்டு முகம் பார்ப்பதில்லை. தொழிற்சாலைக்குப் புதிதாக வந்த பொடியன்களைக் கேட்டால் கிரிக்கட் என்கிறார்கள். எனக்கு வெறுத்துவிட்டது, அத்தான். செத்தவர்களின் பெயரைச் சொல்லி உயிரோடிருப்பவர்களைக் கெஞ்ச இனி என்னால் ஏலாது.

ஆகவே, சம்மதம் என்று ஒரு வரி எழுதி ஒப்பமிட்டு அனுப்பவும். மலரை அச்சடிக்க வேண்டாம். அக்காவுக்கும் மருமக்களுக்கும் என் அன்பு. பனியில் வழுக்கி விழாமல் மாமாங்கேஸ்வரர் உங்கள் எல்லோரையும் காக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்,
அருமைநாயகம்,
செயலாளர் (இப்போதைக்கு).

பி.கு: கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கையில் மாங்கேணிக் கழகத்தின் செயலாளர் நல்லரத்தினம் பஸ் ஏறி வந்து வாசலில் நின்றார். மாங்கேணி அணியினர் மீன்பிடிகாரர், எங்களை எப்போதும் மூச்சுவிட விடாமல் அடித்துத் தோற்கடிப்பவர்கள். "மச்சான், எங்கட கழகத்தையும் வெட்டப் போறாங்களாம். கடலுக்கும் சண்டைக்கும் குடுத்தது போக ஆறு பேர்தான் இரிக்கம். உங்களிட்ட எத்தின பேர்?" என்று கேட்டார். ஐந்து என்றேன். அன்னப்பூரணிதான் குசினிக்குள் சமைத்தபடி, "பதினொண்டு" என்றாள். அதன்பிறகு இரண்டு கிழவர்களும் வாசலில் நின்று அழுதோம். நாளைக்குச் சங்கத்துக்குப் போய், இனி இரண்டும் ஒரே கழகம் என்று சொல்லப் போகிறோம். அவர் போனபிறகுதான் ஆட்ட அட்டவணையைப் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமை எங்களுக்கு மாங்கேணியோடுதான் ஆட்டம். எதிரணி வராவிட்டால் வந்த அணிக்கு வெற்றி என்பது சங்கத்தின் விதி. நாங்கள் பதினொரு பேரும் இறங்கி நிற்போம், எதிரே ஒருவரும் வரமாட்டார்கள். மலரை அச்சடிக்கவும்.