கழுத்து நீண்ட புறா

பெண் பார்க்கப் போகிறவன் பூ கொண்டு போகலாம், பால்கோவா கொண்டு போகலாம், வாய் ஓயாமல் பேசுகிற தாய்மாமன் ஒருவரைக்கூடக் கொண்டு போகலாம். தன் பொழுதுபோக்கை மட்டும் கொண்டு போகவே கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த வயதில் நான் கேட்டிருக்க மாட்டேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. மற்ற குமாஸ்தாக்கள் சாயங்காலம் சீட்டாடினார்கள். நான் பழைய நாணயம் சேர்த்தேன். அதிலும் கிரேக்கப் புராணக் காட்சி பொறித்த நாணயங்கள் மட்டும். (மற்ற நாணயங்கள் என்னிடம் தங்கியதில்லை என்பது வேறு விஷயம்.) முதல் உலகச் சண்டையில் கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு கிரீஸ் பக்கம் போன என் சித்தப்பா, ஒரு சுருட்டு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தவை அவை. பள்ளியில் பரிசாக வந்த ஒரு கிரேக்கக் கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எது எந்தக் கதை என்று கண்டுபிடித்தேன். பூதக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பேன். பெரிய ஆராய்ச்சிக்காரன் போகிறான் என்று ஊர் நினைப்பதாக எனக்கு நினைப்பு. பாவம், சின்ன வயதிலேயே கண் போய்விட்டது என்றுதான் ஊர் நினைத்ததாம்.

பெண் ராஜபாளையத்தில். பெயர் கிருபை. பெண்கள் பள்ளியில் டீச்சர். ஒரு பண்டிகைக்குப் போனபோது வேதக்கோயிலில் அவள் பாடியதைக் கேட்டுவிட்டு, கட்டினால் இவளைத்தான் கட்டுவது, இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். (அதுவரை அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.) அவளுடைய தகப்பனார் ஞானசிகாமணி அந்தச் சபையின் உபதேசியார். பாதிரியாரான ஐயர் மாதம் ஒருமுறை வந்து போவார்; மற்ற நாள்களில் சபைக்கு உபதேசியார் வைத்ததுதான் சட்டம்.

அம்மாவும் நானும் போய் உட்கார்ந்ததும் அவர் சம்பளம் கேட்கவில்லை, சொத்து கேட்கவில்லை. வேதத்தில் பரீட்சை வைத்தார்.

"மெத்தூசலாவோட அப்பா பேரு என்ன, தம்பி?"

எனக்கு மெத்தூசலாவையே அவ்வளவாகப் பழக்கமில்லை. விழித்தேன். அடுத்த கேள்விக்கும் விழித்தேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. கிருபை கைவிட்டுப் போகிறாள் என்ற பயத்தில், பேச்சை மாற்றுவதற்காகச் சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினேன்.

உபதேசியார் முதல் நாணயத்தை வெளிச்சத்தில் பிடித்தார். அது ஹெர்குலிஸ் என்ற கிரேக்க வீரன் சிங்கத்தின் கழுத்தை நெரிக்கிற காட்சி. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஸ்தோத்திரம்! சிம்சோன்லா இது! சிங்கத்தக் கிழிச்ச சிம்சோன்!"

அந்த இடத்தில் ஒரு யோக்கியன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். நான், "ஆமாங்கையா" என்றேன்.

அடுத்தது, மீன் மேல் ஏறிச் சவாரி போகிற பையன்.

"யோனாவா? மீன் வயித்துக்குள்ளல்லா இருக்கணும்?"

"கக்குன பொறவு எடுத்த காட்சிங்கையா."

"சரிதான், சரிதான்" என்று மூன்றாவதை எடுத்தார். அதை எடுத்து ஒளித்துவைக்க வேண்டும் என்று எனக்கு அதற்குள் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. அது லீடா என்ற ராணியின் கதை. தேவர்களின் அரசனான ஜீயஸ் அவள் மேல் ஆசைப்பட்டு, அன்னப் பறவையாக உருமாறி வந்து, சிறகை விரித்து அவளைக் கட்டிக்கொள்கிறான். அதற்கு மேல் நடந்தது எதுவும் உபதேசியார் வீட்டில் சொல்லத்தக்கதல்ல.

"இது யாரு?"

"நோவாவோட... புறாங்கையா."

"கூட நிக்கிற பொம்பள?"

"நோவாவோட சம்சாரம்."

"பொறா என்னய்யா வாத்துக் கணக்கா இருக்கு?"

"வெள்ளம் வடியுற வரைக்கும் மாசக்கணக்கா பேழைக்குள்ள சும்மா இருந்து தின்னுச்சுல்லாங்கையா."

அவர் பூதக்கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "அம்மாளுக்கு மேலுல உடுப்பக் காணமே?"

"ரொம்பப் பழைய காசுங்கையா. உடுப்பு தேஞ்சுபோச்சு."

கதவுக்குப் பின்னால் யாருக்கோ புரையேறியது. உபதேசியார் எழுந்து என் தோளில் கைவைத்தார். "வார ஞாயித்துக்கெழம அறுப்பின் பண்டிகை. இதச் சபைக்குக் காட்டுதோம். மத்தத அங்கன வச்சுப் பேசிக்கிடலாம்." பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பண்டிகையன்று கோயில் முழுக்கப் பூசணிக்காயும் வாழைத்தாரும் காலைக் கட்டிப்போட்ட சேவல்களும். உபதேசியார் என் நாணயங்களைக் காணிக்கைத் தட்டில் வைத்து வரிசை வரிசையாக அனுப்பினார். சிலர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பழக்க தோஷத்தில் சிலர் சில்லறையும் போட்டார்கள். "நோவா கையில தானியந் தின்ன பொறா! நம்ம மாப்பிள்ள தம்பி கொண்டாந்திருக்காவ!" என்று அவர் முழங்கினார். மாப்பிள்ளை என்ற சொல்லைக் கேட்டதும் நான் மனசாட்சியை முழுசாகத் தலைமுழுகிவிட்டேன்.

தட்டு முன்வரிசைக்கு வந்தது. அங்கே பெண்கள் பள்ளியை நடத்திவந்த வெள்ளைக்காரத் துரைசானி அம்மாள் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது நாணயத்தை எடுத்துக் கண்ணருகே வைத்தார். முகம் செம்பருத்தியாகச் சிவந்தது. எழுந்து நின்றார்.

"சகோதரரே, இது நோவா அல்ல. இது கிரேக்கருடைய பொய்யான தெய்வம். அது அன்னத்தின் வடிவம் எடுத்து இந்த ஸ்திரீயிடத்தில் வந்து..."

நின்றுவிட்டார். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"வந்து என்னம்மா செஞ்சுச்சு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு கரிசல்காட்டுச் சம்சாரி உண்மையான அக்கறையோடு கேட்டார்.

துரைசானி வாயைத் திறந்தார், மூடினார். கல்யாணமாகாத மனுஷி, எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள், சுற்றிலும் பூசணிக்காய். கடைசியில் மெல்லிய குரலில், "பேசிற்று" என்றார்.

"பேசுச்சா! அம்புட்டுத்தானா?" உபதேசியாருக்கு உயிர் வந்துவிட்டது. "வேதத்துல கழுதையே பேசியிருக்கு, பொறா பேசக்கூடாதா? வேற எதுவுஞ் செஞ்சிருந்தா அம்மா சபைக்கு முன்னால வெளக்கமா சொல்லட்டும். கேட்டுக்கிடுதோம்."

அம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உபதேசியார் பாட்டு எண்ணைச் சொன்னார். சபை எழுந்து பாடியது. நான் வாயை மட்டும் அசைத்தேன்.

ஆராதனை முடிந்ததும் அவர் என்னை உள் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"தம்பி, கர்த்தருக்குப் பயந்து சொல்லும். அந்தப் பறவ என்ன செஞ்சுச்சு?"

சொன்னேன். முழுசாகச் சொன்னேன். கிருபை இனி எனக்கில்லை என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன்.

"நோவான்னு சபைக்கு முன்னால சொன்னது யாரு?"

"நீங்கதாங்கையா."

"இப்ப உம்ம வேண்டாம்னு அனுப்புனா, ஏன்னு கேப்பாவளா மாட்டாவளா?"

"கேப்பாவங்கையா."

"அந்தத் தொரசானி சிரிப்பாளா மாட்டாளா?"

"சிரிப்பாவங்கையா."

அவர் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அப்ப அது நோவா பொறாதான்" என்றார். "கல்யாணத்த என்னைக்கி வச்சுக்கிடுவோம்?"

அத்தோடு விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஊர் வாயை ஒரேயடியாக அடைக்க வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசாரியிடம் போனார். நாணயத்தை அவர் முன்னால் வைத்து, "பொம்பளைய விட்டுரும். பறவைய மட்டும் எடுத்துத் தாலியில வச்சுரும்" என்றார். எங்கள் பக்கம் தாலியில் புறா வைக்கிற வழக்கம் உண்டு. ஆசாரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "இதுக்குக் கழுத்து எம்புட்டு நீளம்! பொறாவா சாமி?" என்றார். "பேழைக்குள்ளருந்து எட்டி எட்டிப் பாத்துச்சு, நீண்டுபோச்சு. நீரு செய்யும்" என்றார் என் மாமனார். பொய் சொல்வதில் நான் அவருக்குக் கால்தூசி பெறமாட்டேன் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

கல்யாணத்தன்று ஐயர் அந்தத் தாலியை உயர்த்திப் பிடித்து மனமுருகி ஜெபித்தார். நான் கட்டினேன். கல்யாணமான வாரத்தில் கிருபையிடம் உண்மையைச் சொன்னேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"லீடா கததான? டிரெயினிங் ஸ்கூல்ல படிச்சிருக்கேன். 'உடுப்பு தேஞ்சுபோச்சு'ன்னீயளே, அப்பவே உங்களத்தான் கட்டுததுன்னு முடிவு பண்ணிட்டேன். அப்பா என்ட்ட கேட்டாவ. நோவாதாம்பான்னு நாந்தான் சொன்னேன்."

அந்தத் தாலி சபையில் பெயர் வாங்கிவிட்டது. 'உபதேசியார் வீட்டுப் புறா' என்று கேட்டு வாங்கிப் பலரும் தங்கள் மகள்களுக்குச் செய்துகொண்டார்கள். வீட்டுக்கு வெளியே யாரிடமும் நாங்கள் வாயைத் திறக்கவில்லை. என் இரண்டு மகள்களுக்கும் அதே கழுத்து நீண்ட பறவைதான். இப்போது பேத்திக்கும் ஆகிவிட்டது. ஒவ்வொரு கல்யாணத்திலும் ஐயர் அதைத் தூக்கிப் பிடித்து, இந்தப் புறாவைப் போல மணமகன் கபடற்றவனாக இருக்க வேண்டும் என்று ஜெபிப்பார். அந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் இருமல் வரும். முதலில் ஆரம்பிப்பது கிருபைதான்.