ரேடியோசெட் சிஸ்டரின் ராஜினாமா

தாமிரபரணிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் ரேடியோசெட் சிஸ்டர் மாதிரி சத்தமான மனுஷி கிடையாது. இனிப் பிறக்கப்போவதும் இல்லை. கல்யாண வீட்டில் குழாய் கட்டி அலறவிடுகிற ரேடியோசெட்டைக்கூட வயரைப் பிடுங்கி நிறுத்திவிடலாம். இவளுக்கு வயர் எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது.

மேலப்பாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அவள் நர்ஸ், நான் ஆயா. அக்கா முறை வைத்து என்னை ‘லாத்தா’ என்பாள். பீடி சுற்றின கையோடு போய்ச் சேர்ந்தவள் நான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதையும் அப்படித்தான் பைய எழுதுகிறேன். அவள் புன்னக்காயல்காரி. வள்ளத்தில் நிற்கிற அப்பனுக்குக் கேட்கவேண்டுமென்று அலைக்கு மேலே கத்திப் பழகின தொண்டை. பிறகு அதை மூடத் தெரியாமல் போயிற்று.

“மெல்லப் பேசுங்க சிஸ்டர்” என்று பெரிய டாக்டர் சொன்னால், “மெல்லத்தான டாக்டர் பேசுதேன்!” என்பாள். எதிரே பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவளிடம் ஊசி போட்டுக்கொள்கிற குழந்தைகள் அழாது. அவள் பேசுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊசி முடிந்திருக்கும்.

எதை எழுதினாலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் எழுதுவாள். “ரெண்டாம் நம்பர் பெட்டு! காய்ச்சல் இறங்கியாச்சு! வயிறு மட்டும் போகல!” ரெண்டாம் நம்பர்காரர் போர்வையை இழுத்து மூஞ்சியை மூடிக்கொள்வார். பக்கத்துக் கட்டிலில் இருந்து, “பப்பாளி தின்னும் வே” என்று யாராவது வைத்தியம் சொல்வார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது டாக்டருடைய மருமகன் மேனேஜராக வந்தார். வந்த வேகத்தில் சுவர் சுவராக ‘அமைதி காக்கவும்’ என்று போர்டு மாட்டினார். “அமைதி காக்கவும்!” என்று முதல் ஆளாக வாசித்தவள் சிஸ்டர்தான். மாடியில் பிரசவத்துக்குப் படுத்திருந்தவள் பயந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஆறாம் நம்பர் கட்டிலுக்கு ஜவுளிக்கடை அண்ணாச்சி வந்தார். மேனேஜருக்கு வேண்டப்பட்டவர். சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருந்தது. சம்பந்தி வீட்டார் பார்க்க வந்து மரியாதையாகச் சுற்றி நிற்கிறார்கள். சிஸ்டர் அவர் தலையணையைத் தூக்கினாள். அடியில் வெல்லப் பலகாரப் பொட்டலம்.

“மாதாவே! சுகர் நானூறுல நிக்கி, இவரு முந்திரிக்கொத்து திங்காரு! யாரு வே வாங்கிக் குடுத்தது?”

சம்பந்தி மெல்ல வெளியே நழுவினார். அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் மேனேஜரிடம் முறையிட, மறுநாள் சிஸ்டருக்கு அழைப்பு வந்தது. நான் அந்த அறையில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

“சிஸ்டர், நீங்களா எழுதிக் குடுத்துருங்க. சொந்தக் காரணத்துக்காக வேலைய விடுதேன்னு ஒரு வரி போதும். நல்ல சர்டிபிகேட் தாரேன். இல்லன்னா நாங்க நிறுத்துனதா ஆயிரும். அப்புறம் எந்த ஆஸ்பத்திரியிலயும் சேக்க மாட்டாங்க” என்றார் மேனேஜர்.

அவள் சம்பளத்தில்தான் புன்னக்காயலில் ஒரு வீடு சாப்பிடுகிறது. அது எனக்குத் தெரியும், மேனேஜருக்கும் தெரியும்.

வார்டு நடுவில் இருக்கிற மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். வழக்கம்போல வாய்விட்டு.

“ஐயா! சொந்தக் காரணங்களுக்காக...” நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “லாத்தா, எனக்குச் சொந்தக் காரணம் என்ன இருக்கு?”

வார்டு முழுக்க விழித்துக்கொண்டது.

“கல்யாணம்னு எழுது தாயி” என்றார் ஒரு பெரியவர்.

“மாப்பிள்ளையக் காட்டும் வே, எழுதுதேன்!”

“உடம்புக்கு முடியலைன்னு போடு” என்றாள் இன்னொருத்தி.

“இந்த உடம்புக்கா? காய்ச்சல் இல்லாதவனுக்குக் காய்ச்சல்னு நா எழுதுவனா? அப்ப எனக்கு மட்டும் எப்படி எழுத?”

அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். “ஐயா! என் உடம்பு நல்லா இருக்கு! வீட்டிலும் குறை இல்லை! வேலையை விட எனக்கு இஷ்டமில்லை! நீங்கள் போகச் சொன்னதால் போகிறேன்!”

மேனேஜர் மாடியில் இருந்து ஓடிவந்தார். “சிஸ்டர், மனசுக்குள்ள எழுதுங்க!”

“வாய மூடினா கை ஓடாது தம்பி.”

அவர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, வேறு தாள் கொடுத்து, குனிந்து அவள் காதோடு காதாகச் சொன்னார். அவள் எழுதினாள். “மேனேஜர் சொல்லச் சொல்ல எழுதுவது! சொந்தக் காரணங்களுக்காக...”

மருந்துக்கடைப் பையன்கூட உள்ளே வந்து சிரித்தான். அண்ணாச்சி டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு கட்டிலை விட்டு வந்துவிட்டார். “ஏ தம்பி, சத்தத்தக் குறைக்கத்தான சொன்னேன்! வேலைய விட்டு அனுப்பவா சொன்னேன்?”

“நீரு போயிப் படும் வே! டிரிப்பு ஏறுது!” என்றாள் சிஸ்டர். அண்ணாச்சி போய்ப் படுத்துக்கொண்டார்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய், “அவரு சொல்லுதத எழுதிக் குடுத்துரு சிஸ்டரு. சர்டிபிகேட்டாவது கிடைக்கும்லா” என்றேன்.

அவள் பதிலை நான் மட்டும்தான் கேட்டேன். அவ்வளவு மெல்லச் சொன்னாள். “இதுல ஒரு பொய்ய எழுதிட்டா, நாளைக்கு நா கேஸ் ஷீட்டுல எழுதுறத எப்படி லாத்தா நம்புவாங்க?”

பேனாவை மேனேஜர் பக்கம் தள்ளினாள். “நீங்கதான நிறுத்துதிய? நீங்களே எழுதுங்க தம்பி.”

முகம் சிவக்க அவரே எழுதினார். அவள் வாங்கி எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்க வாசித்தாள். “சத்தமாகப் பேசுவதால் பணியிலிருந்து நிறுத்தப்படுகிறார்! ம். இதுல ஒரு எழுத்து பொய் கிடையாது.” தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முன்வாசல் வழியாக நடந்தாள். பின்வாசலை மேனேஜர் திறந்துதான் வைத்திருந்தார். அவளோடு நடந்து பஸ் ஏற்றிவிட்டவள் நான்.

அந்தத் தாளைப் பார்த்துப் பல ஆஸ்பத்திரிகள் கையை விரித்தன. கடைசியில் சேரன்மகாதேவியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே வயதான டாக்டர் தாளை வாசித்துவிட்டு, “ரொம்பச் சத்தமாப் பேசுவியளோ?” என்றாராம்.

“ஆமா டாக்டர்!”

“நல்லதாப் போச்சு. இங்கன வாரதுல பாதிப் பேருக்குக் காது மந்தம். எனக்கும் அப்படித்தான். இன்னைக்கே சேந்துருங்க.”

மாதம் ஒருதரம் நான் பஸ் பிடித்துச் சேரன்மகாதேவிக்குப் போகிறேன். “பிரஷர் பாக்க அம்புட்டுத் தூரமா மாமி? இங்கன ஆஸ்பத்திரியே இல்லையா?” என்று மருமகள் கேட்கிறாள்.

இருக்கிறது. மற்ற இடங்களில் பார்த்தால் என் பிரஷர் கூடுதலாகக் காட்டுகிறது. அவள் பார்த்தால் சரியாக இருக்கிறது.