மலைப் பள்ளிக்கூடத்தில் நான் ஊற்றிய மூன்று கைத் தண்ணீர்

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். கச்சிராயபாளையம் பக்கம் எங்கள் கொல்லையில், என் கண் எதிரே ஒரு செடி வாடியது என்று எவரும் சொல்ல முடியாது. அந்தப் பெருமைதான் என்னை ஒரு பள்ளிக்கூடமே பார்க்கத் தலைகுனிய வைத்தது.

கடைசி மகள் செல்வி பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தவள். அவளும் கூடப் படித்த நாலு பேரும் சேர்ந்து, மாதம் ஒரு சனிக்கிழமை கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்குப் போய் அறிவியல் சொல்லித்தருவது என்று முடிவு செய்தார்கள். கூலி, சம்பளம் எதுவும் கிடையாது. அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் மட்டும் லேசில் பிடி கொடுக்கவில்லை.

"வர்றவங்க எல்லாம் போட்டோ எடுத்துக்கினு போயிடறாங்க. அப்பால ஆளையே காணோம். ரெண்டாவது வாட்டி வாங்க, அன்னைக்கு எப்பிடி நடக்குதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றுவிட்டார்.

முதல் தடவை போனபோதே பிள்ளைகளிடம் அவரைக்காய் விதை கொடுத்து, காகித டம்ளரில் போட்டு வளர்க்கச் சொல்லியிருந்தாள் செல்வி. விதை என்னுடையது. (கடை விதை இல்லை. நான் பொறுக்கிச் சாம்பலில் புரட்டிக் காயவைத்தது.) எப்படி வந்திருக்கிறது என்று பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இரண்டாவது சனிக்கிழமை நானும் வேனில் ஏறிவிட்டேன்.

"யம்மா, வந்தா ஒரு ஓரமா குந்திக்கணும், இன்னா?"

"ஏன்டி, நான் இன்னா கொழந்தையா?"

அவர்கள் வகுப்பறையில் படம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வராந்தாவுக்குப் போனேன். ஒரு வரிசை டம்ளரில் செடி ஜம்மென்று இருந்தது. அடுத்த வரிசையில் எல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி கவிழ்ந்திருந்தது. தூக்கினால், உள்ளே வெளுத்துப்போய், நூல் மாதிரி நீண்டு, நோயாளிச் செடிகள்!

இதைப் பார்ப்பவர்கள் என் விதையைத்தானே குறை சொல்வார்கள்? தண்ணீர்க் குடம் அங்கேயே இருந்தது. வாடினவற்றுக்குக் கை கையாக அள்ளி ஊற்றினேன். வெளுத்தவை தேறாது என்று பிடுங்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். அங்கே நின்ற ஆடு உடனே தின்றுவிட்டது. பெட்டியைப் பழையபடி கவிழ்த்துவிட்டுக் கை கழுவி உட்கார்ந்தேன். (யாராவது பாராட்டுவார்கள் என்று காத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

சற்று நேரத்தில் தலைமையாசிரியரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு எட்டாம் வகுப்பு மல்லிகா வந்தாள். அவள்தான் விளக்கிச் சொல்ல வேண்டியவள்.

"சார், மொத வரிசைக்குத் தெனம் தண்ணி ஊத்தினோம். ரெண்டாவதுக்கு அஞ்சு நாளா சொட்டுத் தண்ணி ஊத்தல..."

டம்ளரிலிருந்து சேறு வழிந்தது.

"மூணாவது, வெளிச்சமே படாம மூடி வெச்சது" என்று பெட்டியைத் தூக்கினாள். வெறும் மண்.

செல்வி டம்ளரைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தாள்.

"யம்மா?"

"நோஞ்சானா கெடந்துச்சி. புடுங்கிட்டேன்."

"எங்க போட்ட?"

"ஆடு தின்னுடுச்சி."

தலைமையாசிரியர் கையைக் கட்டிக்கொண்டார். செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து பேரின் ஒரு மாத உழைப்பு! நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன். மல்லிகா விடவில்லை.

"காலையில வந்ததுமே எல்லாத்தையும் அளந்து எழுதிட்டேன் சார்" என்று நோட்டைப் பிரித்தவள், என் பக்கம் திரும்பினாள். "ஆயா, எத்தினி மணிக்கு ஊத்தினீங்க?"

"பெல்லு அடிச்ச ஒடனே."

"எவ்ளோ?"

"டம்ளருக்கு மூணு கை."

"ஒரு கைன்னா எத்தினி மில்லி?"

"கைன்னா கைதான்டி!"

ஓடிப்போய் அளவு போட்ட கண்ணாடிக் குழாயை எடுத்துவந்தாள். மூன்று தடவை என்னை அள்ளி ஊற்றச் சொல்லி, மூன்றையும் கூட்டிச் சராசரி போட்டாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு கேள்விகள் கிளம்பின. வாடின செடி நிமிருமா? எத்தனை நேரத்தில்? கம்மியாக ஊற்றினால்? எல்லாரும் டம்ளரைச் சுற்றிக் குந்திவிட்டார்கள். சாப்பாட்டு மணி அடித்தும் ஒருவர் நகரவில்லை. மெல்ல ஒரு செடி தலையைத் தூக்கியது. அதற்கு அவர்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பே வெளியே வந்துவிட்டது.

"இந்தப் புள்ளைங்க இத்தினி கேள்வி கேட்டு நான் பாத்ததில்ல. மாசாமாசம் வாங்கம்மா" என்றார் தலைமையாசிரியர் செல்வியிடம். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க வெதைய மட்டும் குடுத்தனுப்புங்க, போதும்" என்றார்.

இப்போதும் அந்தப் பள்ளி நோட்டில் 'தண்ணீர்: மூன்று ஆயா' என்றுதான் எழுதுகிறார்களாம். எங்கள் வீட்டு மருமகனும் அடுப்படியில் நின்று, "அத்தை, ரசத்துக்கு எத்தினி ஆயா தண்ணி?" என்று கேட்கிறார்.

நான் சொல்லச் சொல்ல எழுதியவள் என் பேத்தி கயல்.

"கயலு, எழுதினத ஒருவாட்டி படிடி. அந்த ஆடு தின்ன சேதிய எடுத்துட்டியா? எடுக்கலியா? சரி, கெடக்கட்டும். சிரிக்காம படி."