குழந்தைக்கு ஏது சீட்டு

பெற்றவளை வெளியே விடலாம், பிள்ளையை விட முடியாது என்று ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி ஒரே பிடியாக நின்றார்.

"பெத்தவ இல்லாம பச்சைக் குழந்தை உள்ள என்ன பண்ணும்?" என்று கேட்டான் குழந்தையின் தகப்பன்.

"அது எனக்குத் தெரியாது தம்பி. உள்ள வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு சீட்டு. போகும்போது அதுல 'பணம் கட்டியாச்சு'ன்னு முத்திரை இருந்தா விடணும். இது கணக்கு சாரோட உத்தரவு. உன் சம்சாரத்துக்கு சீட்டு இருக்கு, முத்திரை இருக்கு. குழந்தைக்கு சீட்டு எங்க?"

"அது உள்ள வரும்போது வயித்துல இருந்துச்சு."

"அதைத்தான் நானும் சொல்றேன். உள்ள வந்ததுக்கு அத்தாட்சியே இல்லாத ஆளை நான் எப்படி வெளிய விடறது?"

பின்னால் ஆம்புலன்ஸ் வேறு மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது. டிரைவர் எட்டிப் பார்த்து, "யோவ், எனக்கும் சீட்டு வேணுமா?" என்றார். "உங்களுக்கு வேண்டாம், வண்டிக்கு வேணும்" என்றார் காவலாளி.

தகவல் தெரிந்து கணக்கு சார் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுவது நல்லது. ஒரு டயர் கம்பெனியில் தலைமைக் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர்தான், ஆனால் சும்மா இருக்கத் தெரியாது. ஓய்வு பெற்ற கையோடு வீட்டு நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். பால்காரரிடம் தினமும் ரசீது கேட்டார். பால்காரர் அந்தத் தெருவுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். எண்ணெய்ப் புட்டியில் கோடு போட்டுவைத்து, கோட்டுக்குக் கீழே போனால் காரணம் கேட்டார். அப்போதுதான், ஓய்வு பெற்றவர்களைத் தொண்டர்களாக வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்குள்ள ஆஸ்பத்திரிகளுக்கு நிதியும் தரும் ஓர் அமைப்பு, "ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் நிதி நிர்வாகத்தைப் பலப்படுத்த அனுபவசாலி தேவை" என்று அறிவித்தது. சம்பளம் கிடையாது, டிக்கெட்டும் தங்குமிடமும் மட்டும். அவர் யோசித்து முடிப்பதற்குள் அவர் மனைவி பெட்டியைக் கட்டி முடித்துவிட்டாள்.

கடல் தாண்டி வந்தாலும் பேச்சுக்குப் பஞ்சமில்லை. அந்த ஊரில் பாதிப் பேர் எப்போதோ பிழைக்கப் போன நம்மவர்களின் வாரிசுகள். வந்து இறங்கிய அன்றே ஆஸ்பத்திரியை நடத்தும் பெரிய டாக்டரம்மா வார்டு வார்டாகச் சுற்றிக் காட்டினார். குழந்தைகள் வார்டில் இருந்த சிஸ்டர்தான் அவரைத் தனியாக ஒதுக்கி நிறுத்தினார்.

"சார், நீங்க பணத்தைச் சரி பண்ணத்தானே வந்திருக்கீங்க? இந்த வருஷக் கடைசிக்குள்ள துண்டு விழறது நிக்கலைன்னா முதல்ல மூடப் போறது இந்த வார்டைத்தான். அடுத்த ஆஸ்பத்திரி பஸ்ஸுல அரை நாள் சார். காய்ச்சல்ல தூக்கிப் போடற குழந்தைக்கு அரை நாள்ங்கறது ரொம்பத் தூரம்."

கணக்கு சார் கட்டில்களைப் பார்த்தார். காலில் கட்டுப் போட்ட ஒரு சிறுமி அவரைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். "மூட விட மாட்டேம்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் இந்தச் சீட்டு. வைத்தியம் பார்த்துக்கொண்டு காசு கட்டாமல் நழுவுகிறவர்கள்தான் நஷ்டத்துக்கு மூல காரணம் என்று அவர் கண்டுபிடித்திருந்தார்.

சரி, வாசலுக்கு வருவோம்.

"குழந்தைக்கு இப்பவே ஒரு சீட்டு போடுங்க" என்றார் கணக்கு சார்.

சீட்டு போடும் பெண் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, "போட்டாச்சு சார். ஆனா சீட்டு போட்டா படுக்கை வாடகையும் தானா ஏறிடும். குழந்தை பேர்ல மூணு நாள் பாக்கி காட்டுது" என்றாள்.

"அது அம்மா பக்கத்துலதானே படுத்திருந்துச்சு?" என்றான் தகப்பன்.

"அப்போ ரெண்டு பேர் ஒரே படுக்கைன்னு அபராதம் காட்டுது."

தகப்பனின் முகம் போன போக்கைப் பார்த்து கணக்கு சார் அவசரமாக உத்தரவைத் திருத்தினார். "கைக்குழந்தையோட போறவங்களை எதுவும் கேக்காம விட்டுடுங்க." காவலாளி சல்யூட் அடித்தார். எல்லாரும் நிம்மதியாகக் கலைந்தார்கள்.

மறுநாள் மாலை பார்த்தால் வசூல் பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் படுக்கைகள் காலி.

"என்னய்யா இது? காசு கட்டாம எப்படி இத்தனை பேர் போனாங்க?"

"யாரும் சும்மா போகல சார். எல்லாரும் கைக்குழந்தையோடதான் போனாங்க" என்றார் காவலாளி.

"இத்தனை குழந்தையா பொறந்துச்சு இங்க?"

"நானும் அதேதான் யோசிச்சேன் சார். எல்லாக் குழந்தைக்கும் ஒரே நீலக் குல்லா."

மகப்பேறு வார்டில் கொழுகொழுவென்று ஒரு பயல் பிறந்திருந்தான். அழவே மாட்டான், யார் தூக்கினாலும் சிரிப்பான். அவனைத் தூக்கிக்கொண்டு குடல்வால் ஆபரேஷன் முடிந்த தாத்தா போயிருக்கிறார், பல் பிடுங்கிக்கொண்ட கான்ஸ்டபிள் போயிருக்கிறார். ஒவ்வொருவரும் தெருமுனையில் அடுத்தவரின் சொந்தக்காரரிடம் குழந்தையைக் கொடுத்துவிட, அது பின்பக்க வழியாகத் திரும்பி வந்து மறுபடி கிளம்பியிருக்கிறது. பெற்றவள் கோபப்படவில்லை. "நல்லா காத்தாட சுத்திட்டு வந்தான் சார். வந்ததும் அசந்து தூங்கிட்டான்" என்றாள்.

கணக்கு சார் பெரிய டாக்டரம்மாவிடம் போய்த் தலையைச் சொறிந்தார்.

"பரவாயில்ல சார். புதுசா எது செஞ்சாலும் முதல்ல அப்படித்தான் இருக்கும். நீங்க பதட்டமில்லாம உங்க வேலையைப் பாருங்க" என்றார் அவர். நாற்பது வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு மேலதிகாரியை கணக்கு சார் கண்டதேயில்லை.

வாசலில் பிடிப்பதால்தானே வம்பு, வைத்தியத்துக்கு முன்னாலேயே தொகையைச் சொல்லிவிட்டால் என்ன என்று அடுத்த யோசனை. காய்ச்சலானாலும் கட்டியானாலும் டாக்டர் நாடி பிடிக்கும் முன்பே உத்தேச மதிப்பீடு நோயாளியின் கைக்குப் போனது.

விளைவு உடனே தெரிந்தது. மதிப்பீட்டைப் பார்த்ததும் முக்கால்வாசிப் பேருக்கு உடம்பு குணமாகிவிட்டது. தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தவர்கள் தாங்களே எழுந்து நடந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் வந்த ஒருவர் காகிதத்தை ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்துவிட்டு, "இப்ப வலி இல்ல" என்று இறங்கிப் போய்விட்டார்.

"எனக்கு நோயாளியே இல்லாம பண்ணிட்டீங்களே சார். வாழ்நாள்ல இப்படி ஒரு மருந்தை நான் பார்த்ததில்லை" என்றார் எலும்பு டாக்டர்.

இரண்டாவது நாளே மதிப்பீட்டை நிறுத்தினார்கள். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கணக்கு சார் மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலம்மா. அதான் கஷ்டமா இருக்கு. வீட்டுலன்னா நீயாவது திட்டுவ."

"நான் வேணா இப்ப திட்டட்டுமா?"

"வேண்டாம். பால்காரர் வர்றாரா?"

"நீங்க ஏரோப்ளேன் ஏறினது தெரிஞ்ச மறுநாளே வந்துட்டார்."

அவர் சிரிக்கத்தான் முயன்றார், முடியவில்லை. போனை வைத்த பிறகு குழந்தைகள் வார்டின் ஜன்னல் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது யோசனை அவருக்கே பெருமையாக இருந்தது. காசில்லாதவர்கள் உழைப்பாகக் கட்டட்டும். பெயின்டர் சுவருக்கு வண்ணம் அடிக்கட்டும், தையற்காரர் திரைச்சீலை தைக்கட்டும், சமையற்காரர் சமையலறையில் நிற்கட்டும். கூலிச் செலவு மிச்சம், பாக்கியும் கழிந்துவிடும்.

முதல் சில நாட்கள் ஆஸ்பத்திரி ஜோராக இருந்தது. சுவரெல்லாம் பளிச்சென்றாகி, சாப்பாட்டுக்கும் முதல்முறையாக ருசி வந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. குணமானவர்கள் யாரும் கிளம்பவில்லை.

"உங்க பாக்கி போன வாரமே தீர்ந்துடுச்சே, இன்னும் ஏன் இங்க இருக்கீங்க?" என்று கணக்கு சார் பெயின்டரைக் கேட்டார்.

"மாடிப்படிக்கு ரெண்டாவது கோட்டிங் பாக்கி இருக்கு சார். அரைகுறையா விட்டுட்டுப் போனா எனக்கு மனசு கேக்காது. அப்புறம் இந்தச் சாப்பாடு எனக்கு வெளியில கிடைக்காது."

தையற்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், கட்டிலுக்கு அடியில் கடையே வைத்துவிட்டார். வெளியாட்கள் துணியோடு வந்து வார்டில் அளவு கொடுத்தார்கள். புதிதாக வந்த நோயாளிகளுக்குப் படுக்கை இல்லை. சமையற்காரரின் கைமணம் ஊருக்குத் தெரிந்து, சாப்பாட்டு நேரத்தில் பார்வையாளர் கூட்டம் நெரிந்தது. மளிகைச் செலவு எகிறியது.

மாதக் கணக்கை கணக்கு சார் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். அவர் வந்தபோது இருந்த பள்ளத்தை அவரே நன்றாக ஆழமாக்கியிருந்தார். நேராக டாக்டரம்மா அறைக்குப் போனார்.

"அம்மா, என்னை மன்னிச்சுடுங்க. நான் வந்ததுலேர்ந்து ஒண்ணுமே தேறல. நான் வராம இருந்திருந்தாலே ஆஸ்பத்திரி இதைவிட நல்லா இருந்திருக்கும். நாளைக்கே ஊருக்குக் கிளம்பறேன்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "ஒண்ணுமே தேறலையா சார்? நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"நல்லா யோசிச்சுத்தாம்மா சொல்றேன்."

"அப்போ ஒரு உதவி. உங்களை அனுப்பின அமைப்புக்கு நீங்களே போன் பண்ணி இதைச் சொல்லிடுங்க. எதையும் மறைக்க வேண்டாம்."

கசப்பு மருந்துதான், ஆனாலும் நியாயம் என்று பட்டது. டாக்டரம்மாவின் மேஜையிலிருந்தே போன் போட்டார். எதிர்முனையில் அமைப்பின் அதிகாரி.

"சார், நான் தோத்துட்டேன். இங்க நிதி நிர்வாகம்னு ஒண்ணே இல்ல. முன்ன ஏதோ இருந்துச்சு, நான் வந்து அதையும் கெடுத்துட்டேன்."

"அவ்வளவு மோசமா இருக்கா?"

"நான் சொல்றதைவிட மோசம் சார். குழந்தைங்க வார்டையே மூடப் போறாங்க." கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்துவிட்டது.

"புரியுது சார். நாங்க பாத்துக்கறோம்" என்று போனை வைத்துவிட்டார் அதிகாரி. இனி ஜென்மத்துக்கும் தன்னை எந்த அமைப்பும் எங்கும் அனுப்பாது என்று கணக்கு சாருக்கு உறுதியாகிவிட்டது.

அடுத்த நாள் விமானத்தில் இடமில்லை. அந்த வாரக் கடைசியில்தான் டிக்கெட் கிடைத்தது. அதுவரை அவர் யார் கண்ணிலும் படாமல் அறையிலேயே அடைந்து கிடந்தார். கிளம்பும் நாளன்று காலை கதவு தட்டப்பட்டது. சிஸ்டர் நின்றிருந்தார். கண்ணெல்லாம் நீர்.

"மூடியாச்சாம்மா?" என்றார் இவர் பயந்துகொண்டே.

"மூடல சார். இனிமே மூட மாட்டாங்களாம். இன்னும் பத்துக் கட்டில் போடப் போறாங்களாம். எல்லாம் உங்களாலதான்."

அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போனார். கூடத்தில் மொத்த ஆஸ்பத்திரியும் கூடியிருந்தது. பெயின்டர் முன்வரிசை. எலும்பு டாக்டர் கைகுலுக்கினார். "பணம் வந்துடுச்சு சார். நீங்க இல்லைன்னா நடந்திருக்காது" என்றார் பெரிய டாக்டரம்மா. அனைவரும் கைதட்டினார்கள்.

ஆயுசு முழுக்க 'எங்கிருந்து வந்தது, ரசீது எங்கே' என்று கேட்டே பழகிய மனிதர் அன்று கேட்கவில்லை. கைதட்டல் சத்தத்தில் கேட்கத் தோன்றவில்லை, பாவம். தான் செய்ததில் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் வேலை செய்திருக்கிறது, கணக்குக்கு வரத்தான் தாமதம் என்று நினைத்துக்கொண்டார். மனைவிக்குப் போன் போட்டு, "நான் சாதிச்சுட்டேம்மா" என்றார். "எனக்குத் தெரியுங்க" என்றாள் அவள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

விமான நிலையத்துக்கு ஆம்புலன்ஸில்தான் அழைத்துப் போனார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார் கணக்கு சார். பாதி தூரம் போனதும் மனசு அரித்தது.

"ஏம்ப்பா, நான் பண்ணினதுல கடைசியில எது கை கொடுத்துச்சு? வாசல் சீட்டா, இல்ல அந்த உழைப்புத் திட்டமா?"

டிரைவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"ரெண்டும் இல்ல சார், உங்க போனைக் கேட்டுப் பதறிப்போய் அந்த அமைப்பு வார்டுக்கு அஞ்சு வருஷத்துக்கு வேண்டிய பணத்தை மொத்தமா அனுப்பிடுச்சு, நீங்க மட்டும் ஏதாவது ஒண்ணைச் சரி பண்ணியிருந்தீங்கன்னா, வருஷக் கடைசியில வார்டை மூடியிருப்போம்."