சொட்டு ஒழுகாத வண்டி

சொந்தமாக ஒரு வண்டி வாங்கிப் பாருங்கள். அதுவரை உங்களிடம் மணி என்ன என்றுகூடக் கேட்டிராதவர்கள், அதில் முதலில் எதை மாட்டவேண்டும், எதைக் கழற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டே பின்னால் வருவார்கள். காது கொடுக்காதவன் பிழைத்தான். நான் காதோடு சேர்த்து வண்டியையும் கொடுத்தேன்.

என்னுடையது பின்னால் திறந்த தொட்டி உள்ள சின்ன பிக்கப். வேறொருவர் ஓட்டிக் களைத்துப்போய் என்னிடம் விற்றது. விடியற்காலையில் கிளிஞ்சல்மேட்டில் மீன் பெட்டிகளை ஏற்றி, சுற்றுவட்டாரக் கடைகளில் இறக்கிவிட்டு, தலத்தெருவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்புவதற்குள் வெயில் மண்டையைப் பிளக்கும். சாயங்காலம் அதே வண்டிதான் மளிகைக்கு, ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு. எனக்கு இடுப்புவலி, அதற்கு இஞ்சின் வலி. இருவரும் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு காலத்தை ஓட்டினோம்.

தீபாவளி வியாபாரம் கொஞ்சம் கைகொடுத்ததும், வண்டிக்கு ஏதாவது செய்யலாம் என்று நினைத்தேன். என் மனைவி மலரிடம் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"மொதல்ல வைப்பர மாத்துங்க. அப்பறம் கிழியாத தார்ப்பாய் ஒண்ணு வாங்குங்க. முடிஞ்சா என் பக்கத்து சீட்டுல குத்துற கம்பிய யாருகிட்டயாவது காட்டுங்க." (அவளுடைய நல்ல புடவைகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் கிழிந்திருக்கும்.)

இவ்வளவு தெளிவாக மனைவி சொன்னால் எந்தப் புருஷன் கேட்டிருக்கிறான்? நான் நேராக ஜகபர் நானாவிடம் போனேன். (நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.) கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருக்கிறார். அதற்கு முன் பல வருஷம் வளைகுடாவில் பிக்கப் ஓட்டியவர். வண்டியைச் சுற்றி வந்து, டாக்டர் நோயாளியின் முதுகைத் தட்டுவதுபோலத் தொட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, வைப்பரு, சீட்டு எல்லாம் அப்பறம். தொட்டியக் கவனி. மீன் தண்ணி எறங்கி அடித்தகடு அரிச்சுக்கிட்டு வருது பாரு. ஓட்டையெல்லாம் அடைச்சுட்டு மேல புதுத் தகடு போடு. பின்கதவ சுத்தி ரப்பர் ஒட்டு. நாங்க அங்க அப்புடித்தான் ஓட்டுனோம். ஒரு சொட்டு கீழ விழுவாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் வண்டி போன வழியெல்லாம் மீன் தண்ணீர் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டை மோந்துகொண்டே எங்கள் தெருப் பூனைகள் வீடு வரை வரும். பூனைகளுக்குப் பின்னால் அக்கம்பக்கத்தார் வருவார்கள். பூனைகள் தேவலாம்.

பட்டறையில் தகடு வைத்து, ஓரமெல்லாம் பற்றவைத்து, கதவுக்கு ரப்பரும் ஒட்டியாயிற்று. சோதனைக்காக வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். நானும் நானாவும் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தோம். தரை காய்ந்து கிடந்தது. தொட்டிக்குள் தண்ணீர் குளம்போல நின்றது. அந்தக் குளத்தைப் பார்த்துப் பூரித்துப்போய், அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்ட ஆள் நான்.

அந்த ஆவணியில்தான் என் தங்கை கவிதாவைக் குரும்பகரத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அப்பா இல்லாததால் தலைப்பொங்கல் சீர் என் பொறுப்பு. அவள் மாமனார் நெல் விவசாயி. அதிகம் பேசமாட்டார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. பெண் கேட்டு வந்தபோது, 'அண்ணனுக்கு மீன் வியாபாரம்' என்று சொன்னதும் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். அந்தப் பார்வையை எங்கள் வீட்டில் இன்னும் யாரும் மறக்கவில்லை.

கவிதா போனில் கேட்டாள். "அண்ணே, தப்பா எடுத்துக்காத. சீர மட்டும் வாடக வண்டில கொண்டாயேன்."

எனக்குச் சுருக்கென்றது. "நம்ம வண்டி இப்ப எப்புடி இருக்குன்னு தெரியுமா ஒனக்கு? வந்து எறக்கும்போது பாரு."

சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன். எலுமிச்சம்பழம் பிழிந்து தேய்த்தேன். கடைசியில் தொட்டிக்குள் சாம்பிராணிகூடப் போட்டேன். (மலர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பொட்டும் வச்சு விடுங்க" என்றாள்.) போகிக்கு முதல் நாள் சாயங்காலமே எல்லாவற்றையும் ஏற்றியாயிற்று. பச்சரிசி மூட்டை, வெல்லம், கரும்புக்கட்டு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், பூசணிக்காய், எல்லாவற்றுக்கும் நடுவில் பளபளவென்று பித்தளைப் பானை. மேலே பழைய தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். அதில் இருந்த கிழிசல்கள் எனக்குத் தெரியும். மார்கழி முடிகிற நேரத்தில் மழையா வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன்.

வந்தது. இரவு முழுக்கக் கொட்டியது. சொட்டு ஒழுகாத வண்டி வாசலில் நிற்கிறது என்ற நிம்மதியில் நான் நன்றாகத் தூங்கினேன்.

காலையில் தூறல்தான். ஈரத் தார்ப்பாய் நடுவில் தொய்ந்திருந்ததைப் பார்த்தேன். அவிழ்த்து மறுபடி கட்ட அலுப்பாக இருந்தது. கிளம்பிவிட்டோம். வண்டி வழக்கத்தைவிடக் கனத்தது. மேட்டில் முனகியது.

"என்னங்க, வண்டி இப்புடித் திணறுது?" என்றாள் மலர்.

"சீர் கனம் அப்புடி. கொறச்சலாவா வச்சிருக்கோம்?"

திருப்பத்தில் பின்னால் ஏதோ பெரிதாகப் புரண்டது. கூடவே 'தளக்' என்று ஒரு சத்தம்.

"தண்ணி மாதிரி கேக்குது."

"பானை உருளுது."

தூறல் மறுபடி மழையானது. வைப்பர் பாதிக் கண்ணாடி வரை ஏறி, அங்கேயே ஓய்வெடுத்துக்கொண்டது. நான் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஓட்டினேன். மலர் அந்த வைப்பரையே பார்த்துக்கொண்டு வந்தாள். (வாய்விட்டுச் சொல்லியிருந்தால் தேவலாம்.)

குரும்பகரம் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. சீர் வருகிறதென்று வாசலில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். வண்டிக்கு வெளியே எந்த வாடையும் இல்லை. கவிதா முகத்தில் நிம்மதி தெரிந்தது. அவள் மாமனார் புதிதாக ஒரு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, வண்டியின் பின்கதவுக்கு நேர் எதிரே நின்றார்.

"மொதல்ல பானைய நீங்கதான் கையில வாங்கணும் மாமா" என்றேன். மரியாதை தெரிந்தவன் அல்லவா? இரண்டு பக்கக் கொக்கியையும் ஒரே இழுப்பில் தட்டிவிட்டேன்.

கதவு விழுந்ததும் தண்ணீர் மதகு திறந்ததுபோலப் பாய்ந்தது. பச்சரிசியும் வெல்லமும் ராத்திரி முழுக்க ஒன்றாக ஊறியிருந்தன. அடுப்பு ஒன்றுதான் பாக்கி. அந்தப் பழுப்புக் குழம்பு மாமனாரின் இடுப்பில் மோதி இரண்டாகப் பிரிந்து வாசலில் ஓடியது. அதன்மேல் பித்தளைப் பானை மிதந்து வந்து அவர் முழங்காலில் இடித்து நின்றது. பூசணிக்காய் நிற்காமல் தெருவில் உருண்டு போயிற்று. தகட்டின் ஓரத்தில் நான் தேய்க்காமல் விட்ட மீன் செதில்கள் எல்லாம் எழுந்து வந்து, அவர் வெள்ளை வேட்டியில் ஜரிகைபோல ஒட்டிக்கொண்டன. அப்புறம்தான் வாடை வந்தது.

கவிதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனார் தன் வேட்டியைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி," என்றார், "வயல்ல தண்ணி வடியலன்னு நா காலையிலேருந்து தவிச்சுக்கிட்டு நிக்கிறேன். நீங்க வீட்டுக்கும் கொண்டாந்து எறக்குறீங்களே, நாயமா?"

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து, கூட்டத்தில் இருந்த அவருடைய அக்கா, கண் சரியாகத் தெரியாதவர், கீழே குனிந்து பார்த்துவிட்டு நிஜமான கவலையோடு கேட்டார்: "ஏண்டாப்பா, முந்திரி போடலியா?"

மாமனாரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் காலில் விழவே போய்விட்டேன். மனுஷர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு நிற்காமல், வண்டிக் கதவிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். அறுக்கவேண்டிய சம்பா மழையில் படுத்துவிட்டதை விடியற்காலையில் பார்த்துவிட்டு வந்தவர், அதுவரை வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். இதை எங்கள் மாப்பிள்ளை பிறகு என்னிடம் சொன்னார்.

கவிதா என் பக்கத்தில் வந்து, "மாமா சிரிச்சு இப்பதான் பாக்குறேன்" என்று கிசுகிசுத்தாள். "அதுக்காக ஒன்னய மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத."

கைகால் கழுவியதும் மாமனார் ஒரு மண்வெட்டியை என்னிடம் நீட்டினார். "வாங்க தம்பி. தண்ணிய எப்புடித் தொறந்து வுடுறதுன்னு ஒங்களுக்கு நல்லாத் தெரியுது." சீர் கொடுக்கக் கட்டிப்போன பட்டுவேட்டியை நான் மடித்துக் கட்டிக்கொண்டேன். அவரும் மாப்பிள்ளையும் நானும் சாயங்காலம் வரை வரப்பை வெட்டி வடிகாலுக்கு வழி விட்டோம். என் இடுப்பு அன்றைக்குப் போட்ட சத்தம் இன்னும் அடங்கவில்லை. பயிரில் ஒரு பகுதியாவது பிழைத்தது.

ஊர் திரும்பியதும் ஜகபர் நானாவிடம் போய் நின்றேன். முழுக்கக் கேட்டார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு, "நா இருந்த எடத்துல மழைன்னே ஒண்ணு கெடையாதே தம்பி" என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் அதே பட்டறையில், அதே புதுத் தகட்டில் துளை போட்டேன். வைப்பர் மாற்றினேன். புதுத் தார்ப்பாயும் வாங்கினேன். பூனைகள் திரும்ப வந்துவிட்டன. மலரின் சீட்டுக் கம்பி மட்டும் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி இங்கே பேசவேண்டாம்.

இப்போதெல்லாம் பொங்கலன்று குரும்பகரத்தில்தான் நாங்கள் எல்லோரும் கூடுகிறோம். பால் நுரைத்துப் பானையின் விளிம்புக்கு ஏறும்போது எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்துவார்கள். மாமனார் மட்டும் கத்தமாட்டார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்னால் நகர்ந்து நிற்பார். வீடே சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன். வேறு என்ன செய்வது?

போன பொங்கலுக்கு, அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்த கவிதாவின் மகளும் தன் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தாத்தாவுக்குப் பக்கத்தில் ஓடிப்போய் நின்றது. முகத்தில் சிரிப்பே இல்லை. கையெடுத்துக் கும்பிடுவதுபோல, அதுவும் பொங்கல் வைக்கிற முறைகளில் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.